யார் உயரத்துக்கு இந்த வீடு?

5

கிளெம் ஹாஸ்கின்ஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம்.

"ஐயோ!"

பின்புறத்தைத் தடவிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். தோல் போட்டுத் தைத்த அழகான நாற்காலி. அதன் நட்டநடுவில் முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி, பாங்க்ஸியா மரத்துக் காய் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அது அழகுக்கு வெச்சதில்ல சார். உங்களை மாதிரி ஆளுங்களுக்காக வெச்சது," என்றாள் வழிகாட்டியான ப்ரூ ஃபெல்டன். "இது மியூசியம். இங்க எந்த நாற்காலியிலயும் யாரும் உட்காரக் கூடாது."

கூட்டம் சிரித்தது. ப்ரூ காயை எடுத்துத் துடைத்து, அதே இடத்தில் பத்திரமாக வைத்தாள். கிளெம்முக்கு வலிக்கிறதா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

"பாஸ், கொலை முயற்சி நடந்திருக்கு. ஆயுதம்கூட நாற்காலியிலயே இருக்கு," என்று கிளெம் குனிந்து முனகினான்.

குனிந்தால்தான் ரோண்டா டல்லியின் காது எட்டும். சிட்னியில் தனியாகத் துப்பறியும் தொழில் செய்யும் ரோண்டா, தன் உதவியாளனின் மார்புக்கூட்டுக்குக் கீழேயே நின்றுவிடுவாள். கிளெம் பழைய ரக்பி ஆட்டக்காரன். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் கோபுரமும் வாசல் மணியும் சேர்ந்து நடப்பதுபோல இருக்கும்.

"வாயை மூடிக்கிட்டு வீட்டைப் பாரு," என்றாள் ரோண்டா.

பார்க்க வேண்டிய வீடுதான். துறைமுகத்தின் ஒரு கிளை காட்டுக்குள் நுழையும் இடத்தில், செங்குத்தான பாறையின் விளிம்பில், கண்ணாடியும் மரமுமாகத் தொற்றிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர் ரெக்ஸ் ஆல்டர்ஸன் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. அவர் செத்துப் பல வருடமாகிறது. ஓர் அறக்கட்டளை அவருடைய பல் துலக்கும் பிரஷ்வரை அப்படியே வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் வீட்டுக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. வாசலில் புதிய பித்தளைத் தகடு பதிக்கப் போகிறார்கள்.

அந்தத் தகட்டில் ஒரு பெயர் வரவேண்டும் என்பதற்காகத்தான் ரோண்டா வந்திருந்தாள்.

பெயர், மேவிஸ் ஹாலோரன். அந்தக் காலத்தில் ஆல்டர்ஸனின் ஆபீஸில் வரைபடம் வரைந்த பெண். இந்த வீட்டை வடிவமைத்தது தானே என்பது அவள் கட்சி. பைத்தியம் என்பது அறக்கட்டளையின் கட்சி. டிக்கெட் கவுண்டரில் அவளுடைய போட்டோவை ஒட்டி, 'உள்ளே விடவேண்டாம்' என்று எழுதியே வைத்திருந்தார்கள். அதனால் மேவிஸ் இந்த நிமிடம், கேட்டுக்கு வெளியே தெருத் திருப்பத்தில் நின்ற ரோண்டாவின் பழைய ஹோல்டன் காரில், பின் சீட்டில் காத்திருந்தாள்.

"வரைபடம் எல்லாத்துலயும் ரெக்ஸோட கையெழுத்து," என்று காலையில் சொல்லியிருந்தாள். "காகிதத்துல நான் இல்லவே இல்ல. வீட்டுலதான் இருக்கேன். என்னை அங்க தேடு."

"எதைத் தேடணும்னு சொல்லிட்டா சுலபமா இருக்குமே," என்று கிளெம் கேட்டான்.

"நான் சொன்னா நான் சொன்னதா ஆயிடும். நீங்களா பாத்தாத்தான் சாட்சி."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து உதட்டுச் சாயத்தை எடுத்தாள்.

*

ஹாலிலிருந்து நடைக்குப் போகும் வாசலில் கிளெம்மின் நெற்றி 'ணங்'கென்று நிலையில் மோதியது.

"இதுதான், இதுதான் ரெக்ஸ்!" என்று ப்ரூ பரவசமாகக் கைதட்டினாள். "வீடு மனுஷனுக்குப் பணிவைக் கத்துக்குடுக்கணும்னு அவர் சொல்வார். அதனாலதான் நிலை தாழ்வு. அவரே ஆறடிக்கு மேல. தன்னோட வீட்டுலயே தினமும் தலை குனிஞ்சு நடந்த மேதை!"

"எனக்கு இப்பத்தான் ஒரு பாடம் முடிஞ்சிருக்கு. இன்னொண்ணு கத்துக்குடுத்தா தையல் போடணும்," என்றான் கிளெம்.

ரோண்டா அதே வாசலில் நிமிர்ந்தபடி நடந்து போனாள். தலைக்கு மேல் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது.

மாடிப்படி. ப்ரூ எல்லோரையும் கைப்பிடியைத் தொடச் சொன்னாள். மரக் கைப்பிடியின் உள்பக்கம் முழுநீளத்துக்கும் விரல்கள் பொருந்தும்படி ஒரு பள்ளம் ஓடியது. பிடித்தால் வீடே கைகுலுக்குவதுபோல இருந்தது.

"இதுக்குப் பேரு ஆல்டர்ஸன் பள்ளம். உலகம் பூரா காப்பியடிச்சாங்க. இந்த வீட்டுக் கதவு, படி, இழுப்பறை, எங்க கை வெச்சாலும் இது இருக்கும்."

கிளெம்முடைய விரல்கள் அந்தப் பள்ளத்துக்குள் நுழையவில்லை. வாழைப்பழச் சீப்பைச் சாவித் துவாரத்தில் நுழைக்கப் பார்ப்பதுபோல இருந்தது.

படி திரும்பும் இடத்தில், சுவரில் படுக்கைவாட்டில் கோடு கிழித்ததுபோல ஓர் ஒடுக்கமான ஜன்னல். பக்கத்தில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம். ஆல்டர்ஸன் முதுகை வளைத்து, முழங்காலில் கையூன்றி, அந்த ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீருக்கு முன்னால் மேதையின் வணக்கம்," என்று ப்ரூ குரலைத் தாழ்த்தினாள். "நிமிர்ந்து நின்னா வெறும் மரத்தோட அடித்தண்டுதான் தெரியும். வணங்கினாத்தான் தண்ணி தெரியும். எவ்வளவு ஆழமான தத்துவம், இல்லையா?"

கிளெம் வணங்கிப் பார்த்தான். நீலமாகத் தண்ணீர் தெரிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது.

ரோண்டா வணங்கவில்லை. சும்மா நின்றாள். நின்றபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலே ரெண்டு கொக்கி இருக்கே, அது எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுவா? மிஸஸ் ஆல்டர்ஸன், அதான் கோராலி, இந்த ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை ஒண்ணு தெச்சு மாட்டியிருந்தாங்களாம்," என்றாள் ப்ரூ, குழந்தை சுவரில் கிறுக்கியதைச் சொல்கிற தொனியில். "பாவம், நல்ல மனுஷி. ரசனைதான் கிடையாது."

படுக்கையறையில் கோராலியின் அலமாரி திறந்து கிடந்தது. பட்டும் சாட்டினுமாக அவளுடைய நீள நீள கவுன்கள். ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் அலமாரியின் தரையில் மடங்கிக் கசங்கிக் கிடந்தது.

"துணி தரையைத் தொடணும், மண்ணோட உறவு விட்டுப்போகக் கூடாதுங்கிறது ரெக்ஸோட..."

"தத்துவம்," என்று கிளெம் முடித்து வைத்தான். "எங்க வீட்டுலயும் என் சட்டையெல்லாம் தரையிலதாங்க கிடக்கு. என் பொண்டாட்டிக்குத்தான் தத்துவம் புரியல."

கட்டிலுக்கு மேலே திருமணப் படம். ஆறடிக்கு மேற்பட்ட ஆல்டர்ஸனின் காதுவரை வந்து நின்றாள் கோராலி. வெள்ளைக்குதிரை மாதிரி நெடுநெடுவென்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரோண்டா படத்தைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். கிளெம் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் ஏதோ ஒன்று 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதை அவன் அறிவான். என்ன என்பதுதான் அவனுக்கு எப்போதும் கடைசியில் தெரியும்.

*

சமையலறையில் ப்ரூவுக்கு முதன்முறையாகத் தத்துவம் கிடைக்கவில்லை.

வெளிர் மரத்தில் செய்த நீளமான சமையல் மேடை. அதற்கு அடியில், செருப்புக்குக் குதிகால் வைத்ததுபோல, கறுத்த வேறு மரத்தில் ஒரு கட்டை. ரோண்டா மேடையில் முழங்கையை ஊன்றப் பார்த்தாள். எட்டவில்லை. கிளெம் ஊன்றினான். இந்த வீட்டில் முதன்முதலாக அவனுக்கு ஒரு பொருள் வசதியாக இருந்தது.

"முதல்ல மேடை தாழ்வா இருந்துச்சு," என்றாள் ப்ரூ சுரத்தில்லாமல். "கோராலிக்கு முதுகு வலி வந்துருச்சாம். புருஷன்கிட்ட சண்டை போட்டு, மேடையையே பேர்த்து உயர்த்த வெச்சாங்க. வீட்டுல படுக்கையறைதான் முதல்ல கட்டினது. அப்புறம் சமையலறை. பால்கனி கடைசி. மேடையை உயர்த்தின பிறகு கட்டினது."

"எல்லாமே ஆல்டர்ஸன் தனியா வரைஞ்சதா? ஆபீஸ்ல வேற யாரும் கூட இல்லையா?" என்று ரோண்டா அப்பாவியாகக் கேட்டாள்.

ப்ரூவின் கண்கள் மின்னின. ருசியான இடம் வந்துவிட்டது.

"இருந்தாங்களே! ஒரு குட்டைப் பொண்ணு. பென்சில் சீவுற வேலை. முதலாளி மேல ஒரு இது... புரியுதில்ல? அந்தம்மா இன்னும் உயிரோட இருக்கு. வீட்டை நான்தான் கட்டினேன்னு வருஷம் தவறாம எங்களுக்கு லெட்டர் போடும். நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? எல்லாத்தையும் சேர்த்து வெச்சு, கிறிஸ்துமஸ் பார்ட்டியில ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நடிச்சுக் காட்டி வாசிப்போம். போன தடவை எனக்குத்தான் முதல் பரிசு."

கீச்சுக் குரலில் வாசித்தும் காட்டினாள். "'ஐயா, அந்த வீட்டின் ஒவ்வொரு கோடும் என் குழந்தை...' கல்யாணமே ஆகலையாம், குழந்தையாம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிளெம்முக்கும் சிரிப்பு வந்தது. வெளியே காரில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சின்ன உருவம் ஞாபகத்துக்கு வந்ததும் பாதியிலேயே சிரிப்பை விழுங்கினான்.

பால்கனி. பாறைக்கு வெளியே அந்தரத்தில் நீண்டிருந்தது. கீழே தலைசுற்றும் ஆழத்தில் பாறைகளும் தண்ணீரும். பழைய மரக் கைப்பிடிக்குப் பின்னால், பார்வையாளர்களின் பாதுகாப்புக்காக உயரமான கண்ணாடித் தடுப்பை அறக்கட்டளை பின்னாளில் வைத்திருந்தது.

"கோராலி இறந்தது இங்கதான்," என்றாள் ப்ரூ. "தினமும் காலைச் சாப்பாடு முடிஞ்சதும் மேஜைத்துணியை வெளிய வந்து உதறுவாங்க, ரொட்டித் துகள் பறவைகளுக்குப் போகட்டும்னு. அன்னிக்கு இங்க நின்னு ரெண்டு கையையும் வீசி உதறினாங்க. துணியோட போயிட்டாங்க. பால்கனி கட்டி முடிச்சு ஒரு வாரம்கூட ஆகல."

கிளெம் கைப்பிடி அருகே போனான். அது அவன் தொடையில் இடித்தது. பிடித்தான். கை வழுக்கியது. பாம்பு முதுகு மாதிரி உருண்டு, மழமழவென்று இழைத்த கட்டை.

ரோண்டா வந்து நின்றாள். அவளுக்கு இடுப்பில் நின்றது. உள்பக்கமாக விரலை ஓட்டினாள். ஒருமுறை. இன்னொரு முறை. பிறகு பால்கனி நாற்காலியிலிருந்த பாங்க்ஸியா காயை எடுத்துக் கிளெம்மின் கையில் கொடுத்துவிட்டு, சாவகாசமாக அதில் உட்கார்ந்தாள்.

"ஏய்! எந்திரிங்க!" ப்ரூவின் குரல் உடைந்தது. "அது ரெக்ஸோட நாற்காலி!"

"இல்லைங்க," என்றாள் ரோண்டா, தண்ணீர் இருக்க வேண்டிய திசையைப் பார்த்தபடி. "அவரு இதுல உட்கார்ந்தா முழங்கால் மோவாயில இடிக்கும்."

அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் இருவரும் கேட்டுக்கு வெளியே இருந்தார்கள். கிளெம்மின் கையில் இன்னும் அந்தக் காய் இருந்தது.

"மியூசியத்துலருந்து துரத்தப்பட்ட முதல் துப்பறியும் நிபுணர் நீங்கதான் பாஸ். இதுக்கும் ஒரு தகடு வைக்கச் சொல்லலாமா?"

ரோண்டா காரை நோக்கி நடந்தாள். வழக்கு ஜெயித்த முகமாக அது கிளெம்முக்குத் தெரியவில்லை.

*

"மாடிப்படி ஜன்னல்ல திரை தொங்குதா?"

காரின் கதவைத் திறந்ததும் மேவிஸ் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"இல்ல. ரெண்டு கொக்கி மட்டும் இருக்கு," என்றாள் ரோண்டா.

"கொக்கியை விட்டு வெச்சிருக்காங்களா?" எலுமிச்சையைக் கடித்ததுபோல முகம் சுளித்தாள் மேவிஸ். எழுபதைத் தாண்டிய உடம்பு. பின் சீட்டில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. "சரி, சொல்லு. நான் இருக்கேனா அங்க?"

ரோண்டா முன் சீட்டில் ஏறித் திரும்பி உட்கார்ந்தாள்.

"வீடு பூராவும் நீங்கதான் இருக்கீங்க, மிஸ் ஹாலோரன். ஒரு வீட்டை வரையறவங்க தன் உடம்பை வெச்சுத்தான் அளவு போடுவாங்க. தன் கண்ணு, தன் கை, தன் தலை. ஆல்டர்ஸன் அந்த வீட்டுல நிமிர்ந்து நடக்கவே முடியாது. ஜன்னல்ல பாக்க முதுகை மடிக்கணும். அவரு விரலு அவரு பேரு வெச்ச பள்ளத்துக்குள்ளயே போகாது. பொண்டாட்டி கவுன் அலமாரியில கசங்குது. என்னை மாதிரி ஆள் போனா எல்லாமே எனக்குத் தெச்ச சட்டை மாதிரி இருக்கு. அந்த வீட்டை வரைஞ்சது ஆறடி ஆம்பளை இல்ல. அஞ்சடிகூட இல்லாத பொம்பளை."

"அவங்க இத்தனை வருஷமா அதுக்கெல்லாம் தத்துவம்னு பேரு வெச்சு டிக்கெட் வித்துட்டாங்க," என்றான் கிளெம். "அந்த ஆளு உண்மையைச் சொல்ல முடியாம முதுகை வளைச்சுக்கிட்டு நின்ன போஸுக்கு, மேதையின் வணக்கமாம்!"

மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் இறங்கி உதட்டுச் சாயத்தில் கலந்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. சமையல் மேடையை உயர்த்தினாங்களே, அந்த அளவு மட்டும் கோராலிக்குக் கச்சிதமா இருக்கு. அதை ஆல்டர்ஸன்தான் போட்டாரா?"

"அவனா?" மேவிஸின் கண்கள் படக்கென்று திறந்தன. "அவனுக்கு அவ சட்டை அளவுகூடத் தெரியாது. நான்தான் போட்டேன். அவளைச் சுவத்தோரமா நிக்க வெச்சு, முழங்கை, இடுப்பு, தொடை எல்லாத்தையும் நான்தான்..."

அங்கேயே பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

காரின் கூரையில் யூகலிப்டஸ் காய் ஒன்று 'டொக்'கென்று விழுந்தது. எங்கோ ஒரு காக்கட்டூ கிளி காறித் துப்புவதுபோலக் கத்தியது.

"பால்கனி அதுக்கப்புறம் கட்டினது," என்றாள் ரோண்டா மெதுவாக. "அலமாரியைக் குட்டையா வெச்சது தெரியாம செஞ்ச தப்பு. கைப்பிடியை வெச்சப்ப அந்தம்மாவோட தொடை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

கிளெம்மின் வாயில் தயாராக இருந்த ஜோக் அங்கேயே செத்துப்போனது.

"உட்கார்ந்தா தண்ணி தெரியணும். அதுக்காகத் தாழ்வா வெச்சேன்," என்றாள் மேவிஸ்.

"உட்கார்ந்து பாத்துட்டுத்தான் வரேன். கைப்பிடி சரியா தண்ணியை மறைக்குது. நீங்களும் நானும் ஒரே உயரம். அந்த ஜன்னலைச் சரியா என் கண்ணுக்கு நேரா வெச்சவங்க இதுல கோட்டை விடுவீங்களா? இன்னொண்ணு. வீடு பூரா கை வைக்கிற இடமெல்லாம் பள்ளம் இருக்கு. விழுறவ எட்டிப் பிடிக்கிற அந்த ஒரு இடத்துல மட்டும் இல்ல."

மேவிஸ் முன்னால் சாய்ந்து ரோண்டாவை உற்றுப் பார்த்தாள். பேசியபோது அவள் குரலில் பயம் இல்லை. நல்ல மார்க் வாங்கிய மாணவியைப் பார்க்கிற வாத்தியார் சந்தோஷம் இருந்தது.

"பள்ளத்தையும் கவனிச்சியா? கெட்டிக்காரி. தச்சன்கூடக் கேட்டான், ஏன் மிஸ் இதுக்கு மட்டும் வேணாங்கிறீங்கன்னு. மழைத் தண்ணி தேங்கும்னு சொன்னேன். உனக்கு முன்னாடி ரெண்டு துப்பறியும் ஆளுங்களை அனுப்பினேன். ரெண்டும் நெட்டை. ஒண்ணும் பாக்கல. அப்புறம் பேப்பர்ல உன் போட்டோ வந்துச்சு, போலீஸ்காரன் பக்கத்துல அவன் தோளுக்குக் கீழ நின்னுக்கிட்டு. இவதான் சரின்னு முடிவு பண்ணேன்."

"ஆல்டர்ஸன் மேல அவ்வளவு ஆசையா?" என்று கிளெம் கேட்டான்.

"அவன் மேலயா?" மேவிஸ் சிரித்தாள். "மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் அவனால ஒரு நேர்க்கோடு போட முடியாது. அவனை அவளே வெச்சுக்கட்டும்னுதான் இருந்தேன். ஆனா அவ என் மேடையைப் பேர்த்தா. ராத்திரி பகலா யோசிச்சுப் போட்ட கோடு அது. அடியில கறுப்புக் கட்டையைச் சொருகி, நொண்டிக்குக் கட்டை கட்டின மாதிரி ஆக்கினா. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை போட்டா. நிலைவாசலையும் உடைச்சு உயர்த்தணும்னு ஆரம்பிச்சா. வீடு சரியாத்தான் இருந்துச்சு பொண்ணே. அவதான் அளவு தப்பு."

அவள் கைக்குட்டையால் உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விசாரணையில ரெக்ஸ் பைபிள் மேல கை வெச்சுச் சொன்னான், இந்த வீட்டுல ஒவ்வொரு ஆணியும் நான் வரைஞ்சதுன்னு. கடைசி பெஞ்சுல உட்கார்ந்து கேட்டேன். நிஜத்தைச் சொல்லியிருந்தா அன்னிக்கே என்னைப் பிடிச்சிருப்பாங்க. சொல்லல. பொண்டாட்டி பிணத்தை விட அவனுக்குப் பேருதான் பெருசு. தவறி விழுந்தாங்கன்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. நான் செஞ்சதுலயே கச்சிதமான வேலை அந்தக் கைப்பிடி. அதையும் அவன் தன் பேருல எடுத்துக்கிட்டான். அது என்ன வேலைன்னுகூட அவனுக்குத் தெரியாது!"

அவளுடைய கோபமெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது.

ரோண்டா கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ் ஹாலோரன், என்கிட்ட இருக்கிற சாட்சியை ரெண்டா வெட்ட முடியாது. வீடு உங்களுதுன்னு நிரூபிச்சா கைப்பிடியும் உங்களுதுதான். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. சமையலறையில அந்த வழிகாட்டிப் பொம்பளை சொன்னதே ஊர் பேச்சா இருக்கட்டும்."

"என்ன சொன்னா?"

"பென்சில் சீவின பொண்ணுன்னு சொன்னா. உங்க லெட்டரையெல்லாம் கிறிஸ்துமஸ் பார்ட்டியில நடிச்சுக் காட்டிச் சிரிக்கிறாங்களாம்."

'ஏன் பாஸ், இதைச் சொல்லணுமா?' என்று கிளெம் கண்ணால் கெஞ்சினான். ரோண்டா அவன் பக்கம் திரும்பவே இல்லை. தூண்டிலில் புழு கோக்கிறவளின் நிதானம் அந்த முகத்தில் இருந்தது.

மேவிஸ் கைக்குட்டையை நான்காக மடித்தாள்.

"எந்த லெட்டரை?"

"ஒவ்வொரு கோடும் என் குழந்தைங்கிறதை."

"அது நல்லா எழுதின லெட்டர்," என்றாள் மேவிஸ். கொஞ்ச நேரம் வீட்டின் கூரை தெரிந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். "போன் பண்ணு."

*

வந்தது ஒரே ஒரு போலீஸ் கார். இறங்கியவன் மீசை சரியாக முளைக்காத கான்ஸ்டபிள். ரோண்டா தனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாலும், பின் சீட்டிலிருந்து இறங்கிய சின்னக் கிழவியைப் பார்த்ததும் அவனுக்கு எங்கேயோ தப்பு நடந்துவிட்டதாகத் தோன்றியது.

போலீஸ் விளக்கு சுழல்வதைப் பார்த்து, மியூசியம் கேட்டுக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். முன்னால் ப்ரூ.

"அதோ அந்தம்மாதான்!" என்று அவள் வெற்றிக் குரலில் கூவினாள். "தொந்தரவு பண்ணத்தான் வந்திருப்பா. கூட்டிட்டுப் போங்க!"

"தொந்தரவு இல்லைங்க," என்று கிளெம் நடந்துபோய் அவள் கையில் பாங்க்ஸியா காயைத் திருப்பிக் கொடுத்தான். "உங்க வீட்டைக் கட்டினவங்களைக் கொலைக் கேஸுல பிடிச்சிருக்காங்க. பால்கனியில எதையும் தொடாதீங்க. அதுதான் ஆயுதம்."

ப்ரூவின் வாய் திறந்தது. மூடவில்லை. பின்னாலிருந்த சுற்றுலாக்காரர் ஒருவர் கேமராவை எடுத்து முதலில் மேவிஸையும், பிறகு பால்கனியையும் படம் பிடித்தார். இன்னொருவர், கொடுத்த டிக்கெட்டிலேயே மறுபடி உள்ளே போகலாமா என்று விசாரித்தார். அழுத முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. வெள்ளைக்குதிரை மாதிரிச் சிரித்த அந்த நெட்டைப் பெண்ணை அந்த இடத்தில் நினைத்தது தான் ஒருவன்தானோ என்று கிளெம்முக்குத் தோன்றியது.

கான்ஸ்டபிள் பேனாவை எடுத்தான்.

"பேரு சொல்லுங்கம்மா."

"மேவிஸ் ஹாலோரன்."

"தொழில்..." அவளை மேலும் கீழும் பார்த்தான். "ரிட்டயர்டுன்னு போட்டுக்கிறேன்."

"போடாதே." அவன் எழுதுவதை மேவிஸ் தன் விரலால் தடுத்தாள். "ஆர்க்கிடெக்ட்னு போடு."

அவன் ரோண்டாவைப் பார்த்தான். ரோண்டா தலையசைத்தாள். அவன் எழுதினான்.

"எழுதினதைப் படி," என்றாள் மேவிஸ்.

"மேவிஸ் ஹாலோரன். ஆர்க்கிடெக்ட்."

கேட்டருகே சலசலப்பு அடங்கிப்போயிருந்தது. மேவிஸ் திரும்பி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ப்ரூவின் முகத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம். பிறகு கைவிலங்குக்காக இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

"அவங்களுக்குக் கேக்கல," என்றாள். "இன்னும் கொஞ்சம் சத்தமாப் படி."